ரகுபதியின் இரண்டு மீன் பெட்டிகள்

சென்னையில் ஏப்ரல் மாதம் மார்கான்ஷியாவை உயிரோடு வைத்திருக்கும் ஆள் ரகுபதி ஒருவர்தான் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். யாரும் ஊர் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் மயிலாப்பூரில் நான் தற்காலிகமாக வேலை பார்க்கும் கல்லூரிக்குப் பிராக்டிகல் தேர்வு நடத்த வருகிற வெளி ஆசிரியர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்பது இதைத்தான்: "உங்க மீன் பெட்டி எங்கே?"

மார்கான்ஷியா ஒரு ஈரல் செடி. பூ கிடையாது, தண்டு கிடையாது, உண்மையான வேர்கூடக் கிடையாது. ஈரலை மெல்லியதாக அரிந்து ஒட்டவைத்ததுபோல ஈரமான செங்கல்லின்மேல் பச்சையாகப் படர்ந்திருக்கும். மலையில் ஓடைக்கரைகளில் சாதாரணமாகக் கிடக்கும். இங்கே வெயிலில் ஒரு நாள் தாங்காது. மற்ற இடங்களில் ஃபார்மலினில் ஊறி வெளுத்த துண்டைத்தான் பாட்டிலில் காட்டுவார்கள். எங்களிடம் இருந்தது உயிருள்ளது. ஆறு வருடங்களுக்கு முன் கொடைக்கானல் போன மாணவர்களோடு துணைக்குப் போன ரகுபதி, டிபன் பாக்ஸில் கொண்டுவந்த ஒரு பிடியின் வாரிசு.

ரகுபதி எங்கள் லேப் அட்டெண்டர். வயது நாற்பத்து மூன்று. வீடு நொச்சிக்குப்பத்தில். அவர் மனைவி ரத்னா லூப் ரோட்டோரம் மீன் விற்கிறார். அவரிடமிருந்து தினமும் காலையில் ஒரு பை பொடி ஐஸ் வாங்கி, வண்டியின் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு கல்லூரிக்கு வருவார். பழைய தெர்மாகோல் மீன் பெட்டி ஒன்றில் அடியில் ஐஸ், அதன்மேல் ஓட்டை போட்ட தட்டு, தட்டில் செங்கல் துண்டுகள், அவற்றின்மேல் செடி. வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல் பக்கம் பெட்டி இருக்கும். சனிக்கிழமை மாலை அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவருவார்.

"அண்ணே, செடியில மீன் வாடை வருது" என்று மாணவர்கள் சீண்டுவார்கள்.

"மீன்ல செடி வாடை வருதுன்னு எங்க ஊட்ல ஒருத்தி திட்டிக்கினு கீறா. நான் யார் பஞ்சாயத்தைக் கேக்கறது?" என்பார்.

மீனவர் வீட்டுப் பிள்ளை செடி வளர்க்க வந்ததற்குக் காரணம் வயிறு. பதினைந்து வயதில் அவர் அப்பா மூன்று முறை படகில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்று முறையும் கரை கண்ணுக்கு மறையும் முன்பே வாந்தி. மூன்றாவது முறை திரும்பி வந்ததும் அப்பா வலையை வாங்கித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டாராம். அதன்பின் கல்லூரித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. அங்கிருந்து லேப். பத்தாம் வகுப்பில் தேறாதவர். ஆனால் இருநூறு செடிகளுக்காவது அறிவியல் பெயர் சொல்வார். இதையெல்லாம் அவர் சோகமாகச் சொல்லிக் கேட்டதில்லை. கரையில் ஒருவன் இருந்தால்தானே படகைத் தள்ள முடியும் என்பார்.

நான் அவரைவிட இருபது வயது சின்னவள். ஆதம்பாக்கத்தில் அத்தா தையல்காரர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். தாவரவியல் படித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வருடம் அதில்தான் இடம் இருந்தது. வார இறுதிகளில் கடலாமைகளைக் காக்கும் ஒரு தன்னார்வக் குழுவோடு போய்க்கொண்டிருந்தேன். செடி படித்தவளுக்கு ஆமையிடம் என்ன வேலை என்று அம்மி கேட்பாள். எனக்கும் சரியான பதில் தெரியாது. படித்ததற்கு வெளியே ஏதாவது செய்தால் நான் யார் என்று தெரியவரும் என்று அப்போது நினைத்திருக்கலாம்.

ஜனவரி மாதம் முதலாண்டு மாணவர்களுக்கு மார்கான்ஷியா பாடம் எடுத்தேன். செடியின் மேல்பரப்பில் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சிறிய பச்சைத் தட்டுகள். ஜெம்மா என்று பெயர். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் அவை தெறித்துப் போய் வேறிடத்தில் விழுந்து புதுச் செடியாகும். ஜெம்மாவுக்கு மேல், கீழ் என்று முன்கூட்டி எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் மண்ணில் படுகிறதோ அந்தப் பக்கம் வேரிழை விடும். மற்ற பக்கம் மேல்பக்கமாகிவிடும். "எப்படி விழுந்தாலும் பொழைச்சுக்கும்" என்று சொன்னேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். பின்னால் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ரகுபதியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"அஃப்ரா, ரகு பேசறேன். எங்க படகாண்ட ஆமை முட்ட போட்டுக்கீது. நாயிங்க தோண்டிட்டுச்சி. பத்துப் பன்னண்டு காலி. நான் வெரட்டிக்கினு கீறேன்."

தூக்கம் முழுதாகக் கலையவில்லை. "எடுத்து ஒரு பெட்டியில பத்திரமா வைங்கண்ணே. வெயில் படக்கூடாது. குழுவுக்கு நான் சொல்றேன்."

"வேற எதுனா பாக்கணுமா?"

"இல்லண்ணே. வெயில் மட்டும்தான்."

வேளச்சேரியில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. குழுவில் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில் நானே என் கையால் எழுதிக்கொண்டது: முட்டை கிடந்த வாக்கிலேயே எடுக்க வேண்டும். உருட்டக்கூடாது. கழுவக்கூடாது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை தலைகீழானால் உள்ளே இருப்பது செத்துப்போகும். உடனே போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மந்தைவெளி தாண்டும் வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய்ச் சேரும்போது எட்டு மணி. ஃபைபர் படகின் நிழலில் ஒரு தெர்மாகோல் பெட்டி, மேலே ஈரச் சாக்கு. பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி ரத்னா.

"வாம்மா, நீயே கேளு இந்த ஆளை. ஞாயித்துக்கெழம யாவாரம் பண்ற பொட்டி அது. வஞ்சரம் தரையில கெடக்குது."

"ஊட்டுக்குள்ள நெழலா வெச்சிருந்தா பொட்டியே தேவப்பட்டிருக்காது. ஒரு அன்னக்கூட போதும்" என்றார் ரகுபதி.

"ஆமைய ஊட்டுக்குள்ள வெச்சிக்கினு நீ வெளிய படுத்துக்கோ."

"ஆமை எங்கடி கீது? முட்டதானே."

"முட்டையில இருந்து இன்னா, கோழியா வரப்போவுது?"

வீட்டுக்குள் ஆமை வரக்கூடாது என்ற விஷயத்தில் அந்தத் தெருவில் யாரும் ரத்னாவுக்கு எதிராகப் பேசமாட்டார்கள். வீட்டுக்குள் வைக்க முடியாது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் படக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தார்.

சாக்கை விலக்கிக் காட்டினார். முகத்தில் பெருமை இருந்தது. அடியில் ஐஸ், அதன்மேல் ஓட்டைத் தட்டு, தட்டில் ஈரத் துணி, துணியின்மேல் வரிசை வரிசையாக வெள்ளை வெளேரென்று முட்டைகள்.

"தொண்ணூத்தாறு. உன் மார்கான்ஷியா மாதிரியே வெச்சிக்கீறேன்."

"கழுவினீங்களாண்ணே?"

"நாய் எச்சில் ஆச்சே. பக்கெட்டுல கடல் தண்ணி மொண்டு ஒண்ணொண்ணா கழுவினேன்."

"எது மேல் பக்கமா இருந்ததுன்னு…"

"பந்து மாதிரி உருண்டையா கீது. இதுல இன்னா மேல, கீழ? நீதானே கிளாஸ்ல சொன்ன, எப்படி வுழுந்தாலும் பொழைச்சிக்கும்னு."

"அது ஜெம்மாண்ணே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். சாக்கின் நுனியைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை.

எட்டேமுக்காலுக்குத் தபஸ்ஸும் அக்கா வந்தார். தி.நகரில் வங்கி வேலை. பெசன்ட் நகர் மணலில் எங்கள் குழுவின் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வனத்துறை அனுமதி, பதிவேடு எல்லாம் அவர் பொறுப்பு. பெட்டிக்குள் ஒரு முறை பார்த்தார். பையிலிருந்து மணலின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து முட்டைகளுக்கு நடுவே செருகினார். பதினோரு டிகிரி.

"எப்போ எடுத்தீங்க?"

"ஆறு, ஆறே கால்."

"ஐஸ்ல?"

"ஆறரைக்கு."

"எங்க ஆளுங்க ராத்திரி முட்டை தேடி நடக்கும்போது இந்த எடத்தைத் தாண்டினது மூணரைக்கு. அப்போ தடம் இல்ல. அதனால ஆமை அப்புறம்தான் வந்திருக்கு." விரல் விட்டு எண்ணினார். "மூணு மணி நேரம். அதுக்குள்ள உருட்டியிருந்தா தாங்கலாம். வெளிநாட்டுல ரொம்ப தூரம் கொண்டுபோக முட்டையக் குளிர வெப்பாங்கன்னு படிச்சிருக்கேன். குளிர்ல கரு வளராம அப்படியே நிக்குமாம். ஆனா அவங்க அளவு பார்த்து செய்றாங்க. இது மீன் ஐஸ். சத்தியமா எனக்குத் தெரியல."

"தப்பு பண்ட்டேனா?" என்று கேட்டார் ரகுபதி.

"கழுவியிருக்கக் கூடாது, உருட்டியிருக்கக் கூடாது, ஐஸ்ல வெச்சிருக்கக் கூடாது. நீங்க இல்லன்னா மொத்தத்தையும் நாய் தின்னிருக்கும். இதை எப்படிக் கூட்டிக் கழிக்கிறதுன்னு சொல்லுங்க."

யார் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். திட்டு வாங்கியது பத்தாம் வகுப்பில் தேறாதவர். பட்டம் வாங்கியவள் பக்கத்தில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டைகளைப் பெசன்ட் நகருக்குக் கொண்டுபோய் ஒன்றரை அடிக் குழியில் வைத்து மூடினோம். முப்பத்தொன்றாம் கூடு. பதிவேட்டில் அக்கா ஒன்றையும் மறைக்காமல் எழுதினார்: நாய் தோண்டியது, கழுவப்பட்டது, இரண்டே கால் மணி நேரம் ஐஸின்மேல்.

மறுநாளிலிருந்து ரகுபதி ஐஸ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். ரத்னா வழக்கம்போலப் பையில் கட்டித்தான் வைத்தார். இவர் எடுக்கவில்லை. கேட்டால், "அதுல கை வெச்சா ஒரு மாதிரி கீது" என்றார். மார்கான்ஷியாவைக் காய விடக்கூடாது என்று முதல்வர் அறை ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து நான் தெளித்தேன். ஈரம் இருந்தது, குளிர்ச்சி இல்லை. மார்ச் மாதம் ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கின. பிராக்டிகல் தேர்வு ஏப்ரல் நடுவில். அவர் ஜன்னல் பக்கமே போகவில்லை. மாலை ஐந்து மணி ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் போய் முப்பத்தொன்றாம் கூட்டின் பக்கத்தில் உட்காருவார். பார்க்க எதுவும் இருக்காது. மணல், ஒரு மூங்கில் கூடை, எண் எழுதிய குச்சி, அவ்வளவுதான்.

நானும் சில நாள் போய் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். இந்தக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை கடலில் வாழ்கிறது. ஆனால் முட்டையிட நிலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். மார்கான்ஷியா நிலத்துக்கு வந்துவிட்ட செடி. ஆனால் கருவுற ஒரு துளித் தண்ணீராவது வேண்டும். இரண்டுமே விட்டுவந்த இடத்தை முழுதாக விடவில்லை. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. செடியில் அது முதலிலேயே தீர்மானமானது. தாய் ஆமை முட்டையை மூடிவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விடும், திரும்பிப் பார்க்காது. மார்கான்ஷியா தன் வித்துப்பையைத் தன் உடம்பிலேயே வைத்து ஊட்டி வளர்க்கும். கடைசி வரியாக எழுதியது: முட்டை, ஜெம்மா, இரண்டையும் பார்த்தால் மேலும் கீழும் இல்லாததுபோல் இருக்கும். ஒன்றில் அது உண்மை.

ரகுபதி எட்டிப் பார்த்தார். "எனக்கு எதுல எடம்?"

"எதுலயும் இல்லண்ணே."

"கடல்ல போனா வாந்தி. கடலை வுட்டுத் தள்ளிப் போனா தூக்கம் வராது. உன் நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டுக்கீறியே, அதுலதான் நான்."

அப்போதுதான் சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு நீங்க கேட்டீங்க, வேற எதுனா பாக்கணுமான்னு. எனக்குத் தெரிஞ்சிருந்தது. உருட்டக்கூடாதுன்னு படிச்சிருக்கேன். சொல்லல. தபஸ்ஸும் அக்கா திட்டினப்பவும் சொல்லல."

"தெரியும்."

"எப்படி?"

"போன எட்த்துப் பாத்தா உன்கிட்ட இருந்து பதினேழு மிஸ்டு கால். யாரு சும்மா பதினேழு வாட்டி அடிப்பா?" கூடையைச் சுற்றியிருந்த மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தினார். "நீ அரத் தூக்கத்துல சொன்ன. நான் முழுச்சிக்கினு செஞ்சேன். வுடு."

அவர் விட்டதுபோலத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அன்று மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

முப்பதாம் கூடு நாற்பத்தெட்டாம் நாள் பொரிந்தது. முப்பத்திரண்டு நாற்பத்தொன்பதாம் நாள். இடையில் இருந்த எங்கள் கூட்டின் மணல் தட்டையாகவே இருந்தது. ஐம்பது தாண்டியது. ஐம்பத்தாறாம் நாள் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார் தபஸ்ஸும் அக்கா. ரகுபதி தலையாட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது வண்டியை உதைக்க மறந்து தள்ளிக்கொண்டே ரொம்ப தூரம் நடந்தார்.

ஐம்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணி. மேகமாக இருந்தது. நான் போனபோது அவர் முட்டி போட்டுக் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் காட்டினார். கூட்டின் நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு மணல் குழிந்திருந்தது. கீழே குஞ்சுகள் அசையும்போதுதான் மேல் மணல் அப்படி இறங்கும்.

முதலில் ஒரு மூக்கு. பிறகு ஒரு துடுப்பு. அடுத்த கால் மணி நேரத்தில் மணல் கொதிப்பதுபோல ஆனது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கறுப்பாக, ஒவ்வொன்றும் நாலு விரற்கடை நீளம்கூட இருக்காது. ரகுபதி எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தபஸ்ஸும் அக்காதான் எண்ணினார். அறுபத்து நாலு.

அக்கா எண்ணி முடிக்கும்போது ஷேர் ஆட்டோவில் ரத்னா வந்து இறங்கினார். ரகுபதி போனில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. மீனைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுச் செதில் ஒட்டிய கையோடு வந்திருந்தார். கூடைகளில் எடுத்துப்போய் அலைக்குப் பத்தடி முன்னால் குஞ்சுகளை விட்டோம். எல்லாம் கடலைப் பார்த்து நகர, ஒன்று மட்டும் திரும்பி ரத்னாவின் காலைப் பார்த்து வந்தது. ரத்னா இரண்டு எட்டு பின்னால் வைத்தார்.

"இங்க எங்க வர? ஊட்டுக்கெல்லாம் கூட்டிக்கினு போவ மாட்டேன். கடல் அந்தாண்ட கீது."

அது சற்று நின்று, திரும்பிப் போனது. முதல் அலை வந்து புரட்டியது, இரண்டாவது இழுத்துக்கொண்டது. ரத்னா கணவனைத் திரும்பிப் பார்த்தார்.

"பொறந்து ஒரு மணி நேரம் ஆவல. வாந்தி எடுக்காம போவுது பாரு."

ரகுபதி சிரித்தார். ஐம்பத்து மூன்று நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"பாக்கி முப்பத்திரெண்டு முட்ட என்னாலயா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நாய், வெயில், நீங்க, ஐஸ். எதுன்னு எழுத எனக்குத் தெரியாது ரகுபதி அண்ணே. ஐஸ் கெடுத்துச்சா காப்பாத்துச்சான்னும் தெரியாது. அறுபத்து நாலுன்னு எழுதத் தெரியும்." எழுதினார்.

மறுநாள் காலை நான் லேபுக்குள் நுழைந்தபோது மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் பை. அதன் பக்கத்தில் இன்னொரு தெர்மாகோல் பெட்டி, ரத்னாவின் ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி.

"ஆமை வெச்ச பொட்டியில மீன் வெச்சா போணி ஆவாதாம். எட்த்துக்கினு போன்னுட்டா. ரெண்டு மாசமா கதவுக்கு வெளிய கெடந்துச்சி" என்றார் ரகுபதி. பழைய பெட்டியில் பழுத்துப்போன செடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் நுனிப் பிளவுகளில் பச்சை இருந்தது. சில கிண்ணங்களில் ஜெம்மாவும் மிச்சம் இருந்தது. தேர்வுக்கு இன்னும் பத்து நாள். ஒன்று காட்டினால் போதும்.

புதுப் பெட்டியில் ஐஸைக் கொட்டி, தட்டை வைத்து, செங்கல்லை அடுக்கினார். சின்னத் தூரிகையால் கிண்ணத்திலிருந்து ஜெம்மாவைத் தொட்டெடுத்தார். செங்கல்லுக்கு மேல் கையைக் கொண்டுபோனவர், உதறாமல் அப்படியே நின்றார்.

"அஃப்ரா, வேற எதுனா பாக்கணுமா?"

இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் ஒரு தடவை வரிசையாகப் பார்த்தேன்.

"ஈரம் காயக்கூடாது. வெளிச்சம் வேணும், நேர் வெயில் வேணாம். ரொம்ப நெருக்கமா தூவாதீங்க. எந்தப் பக்கம் மேலன்னு மட்டும் பாக்க வேணாம்ண்ணே."

"நல்லா யோசிச்சிட்டியா?"

"யோசிச்சிட்டேன்."

அவர் தூரிகையை உதறினார்.